படித்ததாகக் குறியிடு

ஒன்பது மணிக்கு மின்சாரம் போகும் என்று நேற்றே செய்தி வந்துவிட்டது, மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்து வரை, தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மின்விசிறியின் சத்தம் அடங்கிய அந்தக் கணத்தில் யாரோ அறையைவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது, நிமிர்ந்து பார்த்தேன், இறக்கைகள் இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றன. "ஏங்க, மோட்டார் போட்டீங்களா இல்லையா?" என்று சமையலறையிலிருந்து சுபத்ரா. போட்டேன், தொட்டி வழிந்துகூடப் போயிற்று, மாடி வீட்டுக்காரர் எட்டிப்பார்த்துச் சிரித்தார். மடிக்கணினியில் மின்கலம் எழுபத்தொரு சதவீதம், கைப்பேசியிலிருந்து இணையம், இது போதும், இன்றைக்கு இந்த ஒரு வேலையை முடித்துவிட வேண்டும், அழிக்க வேண்டியதை அழித்துவிட வேண்டும். சனிக்கிழமையிலிருந்து அஞ்சல்பெட்டி நிரம்பிக் கிடக்கிறது. புதிதாக வரும் மடல்கள் அனுப்பியவருக்கே திருப்பியனுப்பப்படும் என்று மேலே சிவப்புப் பட்டை. யாருக்குத் திரும்பிப் போயிற்றோ, என்ன நினைத்தார்களோ. நிலானிக்குத் திரும்பிப் போயிருக்கிறது, அவள்தான் வெளிநாட்டில், டெல்ஃப்டிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, உங்க மெயில்பாக்ஸ் நம்ம வீட்டுப் பரண் மாதிரி இருக்கு, எதையும் எறியறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல" என்றாள். மகள் சொன்னால் எல்லாமே கிண்டலாகவும் இருக்கும், சரியாகவும் இருக்கும், அதுதான் எரிச்சல். பரணில் எது இவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தால், 'குழுமம்' என்று நான் மடல்களைப் பிரித்துப் போட்டுவைத்த ஒரே ஒரு அடைவு. அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மடல்கள். அத்தனையும் படித்தவை. அதாவது, படித்ததாகக் குறிக்கப்பட்டவை. நான் ஒன்றைக்கூடப் படித்து ஆறேழு வருஷம் இருக்கும்.

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நீக்கு என்று அழுத்தினால் நாலு நொடி வேலை. அழுத்தினேன். நீக்கவா என்று ஒரு சின்னப் பெட்டி எழுந்து வந்தது, நீக்கு என்று ஒரு பொத்தான், வேண்டாம் என்று ஒரு பொத்தான். அந்த 'வேண்டாம்' அமலதாஸ் போட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த மடல் மென்பொருளை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் தமிழாக்கினோம், சம்பளம் இல்லாத வேலை, ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு மடற்குழுவில் ராப்பகலாகச் சண்டை போட்டோம். அட்டாச்மெண்ட் என்பதற்கு இணைப்பா உடன்கோப்பா என்று நூற்று முப்பது மடல் போயிற்று, இரண்டு பேர் குழுவைவிட்டே போனார்கள். இந்தப் பொத்தானுக்கு ரத்து, கைவிடு, தவிர் என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து அமலதாஸ் ஒரு வரி எழுதினான், "நீக்கட்டான்னு ஒருத்தன் கேட்டா மனுசன் வேண்டாம்னுதான சொல்லுவான்." அதோடு முடிந்தது. அவன் எந்தச் சொல்லையும் வாயில் வைத்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் அப்போது வேலை பார்த்த ராட்டர்டாமிலிருந்து தொலைபேசி அட்டை தேய்த்துக் கூப்பிடுவேன், பட்டியலை நான் வாசிக்க வேண்டும், அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வான், ஈரமணலில் செருப்பு அழுந்துகிற மாதிரி ஒரு குரல், அடியில் கரகரப்பு, மேலே இதம். அந்தக் குரலில் நின்ற சொல் நின்றது. 'படித்ததாகக் குறியிடு' என்பதை வாசித்தபோது மட்டும் திருப்பிச் சொல்லாமல் சிரித்தான், "படிக்காமலே படிச்சேன்னு சொல்லுததுக்கு ஒரு பொத்தானா, நல்லா இருக்கே மக்கா, எங்க மாணவர்களுக்கு இது முன்னமே தெரிஞ்சிருந்தா எவ்வளவு சௌகரியம்." வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுப் பேச அவனிடம் காசில்லை, அதனால் மணி அடித்துவிட்டு நிறுத்துவான். அதற்கு எங்களுக்குள் ஒரு கணக்கு. ஒரு மணியோடு நின்றால், மடல் போட்டாச்சு, பார். இரண்டோடு நின்றால், சரி, ஏத்துக்கிட்டேன். மூன்றாவதும் அடித்தால், எடு, சண்டை இருக்கு. அலுவலகக் கூட்டத்தில் சட்டைப்பையில் இரண்டு மணி அடித்து நிற்கும், எதிரில் வெள்ளைக்காரர்கள் கப்பல் அட்டவணை பேசிக்கொண்டிருப்பார்கள், எனக்கு மட்டும் ஒரு சொல் தேறிவிட்டது என்று உள்ளுக்குள் குளிரும். பிறகு குழு பெருத்தது. சில நாள் இருநூறு மடல். யாரோ வந்தார்கள், யாரோ யாரையோ திட்டினார்கள், பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு நன்றி, அந்த நன்றிக்கு ஒரு சிரிப்பு முகம். ஒரு குளிர்காலத்துக் காலையில் ரயிலில் வைத்து அந்த விதியை எழுதினேன், பொருள் வரியில் சதுர அடைப்புக்குள் 'தமிழாக்கம்' என்று இருந்தால் குழுமம் அடைவுக்கு நகர்த்து, படித்ததாகக் குறியிடு. இரண்டு நிறுத்தத்துக்குள் எழுதி முடித்தாயிற்று. இறங்கும்போது தலையில் இருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது, அதுவும் உண்மைதான், அதை இப்போது இல்லை என்று சொல்லக் கூடாது.

வேண்டாம் என்பதை அழுத்தினேன். பயத்தினால் இல்லை, ஒரு வீம்பினால், அமலின் மடல்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்துவிட்டு, பார்த்து என்ன செய்வதாக இருந்தேன், தெரியவில்லை, பழைய சிநேகிதனைக் கடைசியாக ஒருமுறை முறைத்துவிட்டு அழிக்கலாம் என்று இருக்கலாம். ஏனென்றால் அவன்மேல் எனக்கு ஒரு வருஷத்துக் கோபம். போன வருஷம் மே மாதக் கடைசியில், ஊருக்கே வந்துவிடுகிறேன், இருபத்திரண்டு வருஷம் போதும் என்று குழுவுக்கு எழுதினேன், அத்தனை வருஷம் கழித்து நான் அங்கே எழுதிய ஒரே மடல், அதுவும் அவனுக்காகத்தான் எழுதினேன். நாலைந்து புது ஆட்கள் வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள், அது அடைவுக்குள் போயிருக்கும், போகட்டும். அமல் இந்த மாதிரி விஷயத்தைக் கூட்டத்தில் சொல்லமாட்டான், தனியாகத்தான் எழுதுவான். அதனால் உள்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் முழுக்கப் பார்த்தேன். அட்டைப்பெட்டிகள் பிரிக்காமல் கிடந்த இந்தக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து திறந்து திறந்து பார்த்தேன். ஒரு வரி இல்லை. "சொல்லுக்குச் சண்டை போடத் தெரியுது, மனுசனுக்கு ஒரு வரி எழுதத் தெரியல" என்று சுபத்ராவிடம் சொன்னேன். சொன்னது எனக்கே பிடித்திருந்தது, இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன். இப்போது அனுப்புநர் என்ற தலைப்பைத் தொட்டு வரிசைப்படுத்த வேண்டும், காற்றில்லாமல் விரல் வேர்த்திருந்தது, வழுக்கிப் பக்கத்துத் தலைப்பில் பட்டது, பெறுநர். அறுபத்தோராயிரமும் புரண்டு வரிசை மாறின. பெறுநர் என்ற பத்தியில் குழுவின் முகவரி, அதே முகவரி, அதே முகவரி, செங்கல் சுவர் மாதிரி. சுவருக்கு மேலே, உச்சியில், மூன்று வரிகளில் மட்டும் என் பெயர். திருநாவுக்கரசு. திருநாவுக்கரசு. திருநாவுக்கரசு. மூன்றுக்கும் அனுப்புநர் ஒருவனே. படிக்காத மடல் என்றால் கெட்டியான கறுப்பில் இருக்கும். இவை மெல்லிய சாம்பல் நிறத்தில், படித்து முடித்தவையாக, ஒரு வருஷத்துக்கு மேலாக ஓய்ந்து கிடந்தன. படித்தவன் எவன்? பொருள் வரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மறுமொழி, பிறகு அந்தச் சதுர அடைப்பு, பிறகு நான் எழுதியிருந்த தலைப்பு, ஊருக்கு வருகிறேன். நான் குழுவுக்கு எழுதிய மடலைத் திறந்து, என் முகவரிக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறான். தலைப்பை அப்படியே விட்டிருக்கிறான், எல்லோரும் விடுவதுதான், தலைப்பை யார் மாற்றுகிறார்கள். புதியவர்களுக்குப் பத்துக் குறிப்புகள் என்று குழுவில் ஒரு பக்கம் உண்டு, அதை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவன் நான், ஏழாவது குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது, பொருள் வரியை வைத்து மடல்களைப் பிரிக்காதீர்கள், உங்களுக்கு மட்டும் வரும் தனிமடலும் அதில் சிக்கிக்கொள்ளும், மடலின் தலைப்பகுதியில் குழுவின் அடையாளம் ஒளிந்திருக்கும், அதை வைத்துப் பிரியுங்கள். 'சிக்கிக்கொள்ளும்' என்ற சொல்லை அமல் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு இரண்டு மணி அடித்தான். எனக்குத் தெரியும், எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரியும், ரயில் நிறுத்தம் வந்துகொண்டிருந்தது, சுலபமானதைச் செய்தேன்.

ஜூன் நான்காம் தேதி. "மக்கா, ஊருக்கே வாரேன்னு எழுதியிருக்க, ரொம்ப சந்தோசம். கூட்டத்துல போட மனசில்ல, ஒனக்கு மட்டும் எழுதுதேன். தொண்டையில கட்டி. குரல்வளையை எடுத்தாத்தான் உண்டுன்னு சொல்லிட்டாங்க. பதினேழாந் தேதி. அதுக்கப்புறம் பேச்சு கெடையாது. அங்க உள்ள ஒன் நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன், ஒரு பொம்பள வேற பாஷையில என்னமோ படிக்கா. திருச்சி நம்பர் அனுப்பு, இல்லேன்னா கீழ உள்ள நம்பருக்கு அடி. பெருசா ஒண்ணும் இல்ல. நீ நாலு சொல்லு வாசி, நான் திருப்பிச் சொல்லுதேன், பழையபடி." ஜூன் பதினான்கு. "இன்னும் மூணு நாள். நம்பர மட்டுமாவது அனுப்பு." ஜூலை ஒன்பது. "பரவால்ல மக்கா. வேலையா இருந்திருப்ப." வேலை. ஜூன் பதினான்கு அன்றைக்கு எனக்கு என்ன வேலை? ஆதார் அட்டையில் முகவரி மாற்றப் போனோம், அது பன்னிரண்டாம் தேதி. பதினான்கு ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மிக்ஸி வாங்கினோம், வந்து பால்கனியில் உட்கார்ந்தேன், எதிர்வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்த்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மாதான் இருந்தேன் அமல். கையில் கைப்பேசி, அதில் உன் வரி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. அது வந்து, அதே நிமிஷத்தில், பக்கத்து அறையில் விழுந்து, படித்ததாகிவிட்டது. விதியின் மேல் பழியைப் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, உள்ளே அந்தச் சுகம் மெதுவாக ஊறுவது தெரிகிறது, என் தப்பு இல்லை, எந்திரம், எந்திரம் செய்தது, ஆனால் ஜூலையில் நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆகஸ்டில். தீபாவளிக்கு. அவன் எழுதவில்லை என்று கணக்கு வைத்தவன், நானும் எழுதவில்லை என்பதை எந்த அடைவில் போட்டேன்? பதினான்கு மாதம். கட்டி என்று எழுதியிருக்கிறான், வேறு எதுவும் எழுதவில்லை. பதினான்கு மாதத்தில் என்னென்னவோ ஆகலாம். ஜூலைக்குப் பிறகு ஒன்றுமில்லை. எழுதிக் களைத்து விட்டுவிட்டானா, அல்லது, அல்லது என்பதற்கு அப்புறம் மனம் போக மறுக்கிறது, சுவரில் முட்டித் திரும்பி வருகிறது, மறுபடி ஜூன் பதினான்கு, மிக்ஸி, முருங்கை. குழுவில் யாராவது எழுதியிருப்பார்கள். அமலதாஸ் என்று அடைவில் தேடினால் தெரிந்துவிடும், இரங்கல் என்று தேடினால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். 'இ' என்று தட்டிவிட்டு அழித்தேன். அப்படி ஒன்று வந்திருந்தால் அதையும் நான் படித்துவிட்டதாகத்தான் இருக்கும். மின்கலம் முப்பத்தாறு. எப்போது இவ்வளவு இறங்கியது?

"என்னங்க, மோர் கேட்டீங்களேன்னு கொண்டாந்தா கவனிக்கவே மாட்டேங்கறீங்க." சுபத்ரா டம்ளரை வைத்துவிட்டு நின்றாள், கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. "அமல் எழுதியிருக்கான்" என்றேன். "அப்பாடா, ஒருவழியா! உங்க மூஞ்சிக்கு விடிவுகாலம். என்னவாம்?" "போன வருஷம் எழுதியிருக்கான்." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. தோளுக்கு மேல் குனிந்து படித்தாள், உதடு அசையப் படிப்பாள் எப்போதும், மூன்றாவது மடலில் உதடு அசையவில்லை. துருவல் ஒன்று விசைப்பலகையில் உதிர்ந்தது. "நம்பர் இருக்குல்ல, அடிங்க" என்றாள். "இத்தனை மாசம் கழிச்சு என்னன்னு பேசுறது, சுபா?" "என்னன்னு பேசறதா? நீங்களும் அவரும் போன்ல பேசினதை நான் கேட்டிருக்கேன், ஒரு மணிநேரம், கோப்பு, திருத்து, காண்க, ஒட்டு. எதையாவது பேசுங்க." "அவன் இல்லேன்னா?" என்று கேட்டுவிட்டேன். சொல் வாயிலிருந்து வந்த பிறகு அறையில் இன்னும் கொஞ்சம் காற்று குறைந்த மாதிரி இருந்தது. அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "இல்லேன்னா அதையும் கேட்டுக்கணும். இதுக்கும் ஒரு டப்பா வச்சு உள்ள தள்ளிடாதீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதற்காகவே, மறுபடி ஒன்றும் யோசிக்க நேரம் கொடுக்காமல், திரையைப் பார்த்துப் பத்து எண்களை அழுத்தினேன். அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. எடு அமல், சண்டை இருக்கு. நான்கு. ஐந்து.

"அலோ, ஆரு?" ஒரு பெண் குரல், இளசு. "அமலதாஸ் வீடுங்களா? நான் அரசுன்னு, திருச்சியிலேருந்து." மறுமுனையில் தட்டுக் கழுவுகிற சத்தம் நின்றது. "தமிழாக்கம் அரசு மாமாவா?" ஆமாம் என்றேன். "நான் ஆக்னஸ், அவங்க மக." அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காது முழுக்க அடைத்துக்கொண்டது, சுபத்ராவின் ஈரக் கை என் தோளில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. "அப்பா இந்தா இருக்காங்க, பேப்பர் படிக்காங்க. பேச்சுதான் இல்ல, ஒங்களுக்குத் தெரியும்லா. காது நல்லாக் கேக்கும். ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்க பேசுங்க." இருக்கிறான். பேப்பர் படிக்கிறான். காகிதம் மடிக்கப்படும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு அருகில், மிக அருகில், ஒரு மூச்சு. வாய் வழியாக வருகிற மூச்சு இல்லை அது, கழுத்தில் எங்கிருந்தோ, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி, இழுத்து, விட்டு. "அமல்" என்றேன். மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது. "அமல், அரசு பேசுறேன். உன் மடல் வந்துச்சு. நீ போட்ட அன்னிக்கே வந்துச்சு. மூணும் வந்துச்சு. நான் படிக்கல. ஏழாவது குறிப்பு, ஞாபகம் இருக்கா, அதை நான் எனக்கே செய்யல, பொருள் வரியை வச்சுப் பிரிச்சு விட்டிருந்தேன், இப்பத்தான், இன்னிக்குத்தான் பாக்கறேன்." மூச்சு. வேகமா, மெதுவா, என்ன அர்த்தம் அதற்கு, கோபமா சிரிப்பா, குரல் இல்லாமல் சிரிப்பு எப்படி இருக்கும், எனக்கு எப்படித் தெரியும். "வேலை ஒண்ணும் இல்ல அமல் அன்னிக்கு. சும்மாதான் இருந்தேன்." அதற்குமேல் வரவில்லை. தொண்டை உள்ளவனுக்கு வரவில்லை. கண் திரையின் ஓரத்தில் போய் நின்றது, அங்கே பட்டியல் திறந்திருந்தது, நாங்கள் எழுதிய பட்டியல், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்தேன். "மறுமொழியிடு." வாசித்துவிட்டு நிறுத்தினேன், அவன் திருப்பிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், பழையபடி. மூச்சு. "முன்னனுப்பு." மூச்சு. "நகர்த்து." மூச்சு, கொஞ்சம் நீளமாக. நாலாவது அதற்குக் கீழேயே இருந்தது, அன்றைக்கு அமல் திருப்பிச் சொல்லாமல் சிரித்த பொத்தான். அதை வாசிக்க முடியவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "அமல், நான் அங்க வரட்டுமா?" என்றேன். மூச்சுச் சத்தம் விலகிப் போயிற்று. நாற்காலி நகர்ந்தது. "மாமா" என்றாள் ஆக்னஸ், குரல் தயங்கிற்று, "அப்பா போனைக் கட் பண்ணச் சொல்லுதாங்க." சரிம்மா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் துண்டித்தாயிற்று. கைப்பேசியை மேசைமேல் மோர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். நியாயம்தான், பதினான்கு மாதத்துக்கு இது நியாயம்தான், இதற்குக் கூடுதலாக எதை எதிர்பார்த்தேன், ஒரு ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தது போதாதா, போதும், போதவில்லை. மின்விசிறி நின்ற வீட்டில் எதிர்வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. கைப்பேசி அதிர்ந்தது, டம்ளரில் மோர் நடுங்கிற்று. நாகர்கோவில் எண். ஒரு மணி. ஒரு மணி என்றால் மடல், பெட்டி நிரம்பிக் கிடக்கிறதே, திரும்பிப் போய்விடுமே, கை தானாக நீண்டது, எடுக்காதே, எடுக்காமல் இரு. இரண்டாவது மணி. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது வரவில்லை.